நாமா, நாங்களா?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

லெந்து நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கிறிஸ்தவர்கள் உபவாசம் இருந்து, மனந்திரும்புதலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசும் நாற்பது நாட்கள் இவை. சபைகளில் உபவாச ஜெபம் நடக்கும். அதில் 'தேசத்திற்காக' என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்கும். நானும் சின்ன வயதிலிருந்து அந்த ஜெபங்களில் முழங்கால் போட்டவன்தான். லஞ்சம் ஒழிய வேண்டும், குடி ஒழிய வேண்டும், தலைவர்களுக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று கண்ணீர் விட்டு மன்றாடுவோம். அந்தக் கண்ணீரில் பொய் இல்லை. ஆனால் வயது ஏற ஏற ஒரு விஷயம் என்னை உறுத்தத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் இருந்த பாவம் ஒவ்வொன்றும் வேறு யாரோ செய்தது. எங்களுடையது ஒன்றுகூட அதில் இல்லை.

அந்த ஜெபங்களில் நாங்கள் வழக்கமாகப் பிடித்துக்கொள்ளும் வசனம் ஒன்று உண்டு. இரண்டாம் நாளாகமம், ஏழாம் அதிகாரம், பதினான்காம் வசனம். முடிவில் தேசத்துக்கு க்ஷேமம் வரும் என்று வாக்கு கொடுக்கிறது. அந்த முடிவை நாங்கள் உரக்கச் சொல்வோம். ஆரம்பத்தைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுவோம். "என் நாமம் தரிக்கப்பட்ட என் ஜனங்கள் தங்களைத் தாழ்த்தி" என்றுதான் அது ஆரம்பிக்கிறது. அதாவது, அவர் பேரைச் சொல்லிக்கொள்கிறவர்கள் முதலில் குனிய வேண்டும்.

அப்படிக் குனிந்த ஒரு சம்பவத்தை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நடந்த இடம் தென்னாப்பிரிக்கா.

அந்த நாட்டின் நிறவெறியைப் பற்றி நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டதும் மண்டேலா 27 ஆண்டு சிறையில் கிடந்ததும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிரிவினை, இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து மேசையிலிருந்தும் வளர்ந்தது என்பதுதான் பலருக்குத் தெரியாது. அங்கே டச்சு வழிவந்த ஆஃப்ரிகானர் என்ற வெள்ளையர்களில் பெரும்பகுதியினர் டச்சு சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். 1829-இல் அவர்களுடைய சினாடு, அதாவது சபைப் பேரவை, நிறம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் திருவிருந்து கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தது. நல்ல தீர்மானம். ஆனால் பக்கத்தில் கறுப்பு நிறத்தவர் முழங்கால் போடுவதைச் சில வெள்ளையர்களால் தாங்க முடியவில்லை. கடைசியில் 1857-இல் சினாடு இறங்கி வந்தது. எல்லோரும் சேர்ந்து ஆராதிப்பதுதான் வேதத்துக்கு ஏற்றது, இருந்தாலும் "சிலருடைய பலவீனத்தினிமித்தம்" தனிக் கட்டடத்தில் தனியாக நடத்திக்கொள்ளலாம் என்று எழுதி வைத்தார்கள்.

பலவீனம் என்ற அந்த வார்த்தையைக் கவனியுங்கள். தவறு என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் எழுதினார்கள். இருபத்துநான்கு ஆண்டு கழித்து, 1881-இல், கலப்பினத்தவருக்கென்று தனிச் சபையே வந்துவிட்டது. 1948-இல் நிறவெறியைச் சட்டமாக்கிய கட்சி ஆட்சியைப் பிடித்தபோது பிரதமரான டி.எஃப். மலான், அரசியலுக்கு வருமுன் அதே சபையில் போதகராக இருந்தவர். பாபேல் கோபுரக் கதையில் கடவுளே ஜனங்களைப் பிரித்துவைத்தார் அல்லவா, ஆகவே பிரித்துவைப்பது கடவுளின் சித்தம் என்று விளக்கம் சொல்லவும் இறையியல் படித்தவர்கள் இருந்தார்கள். மேசையில் 'பலவீனம்' என்று தொடங்கியது, நூறு ஆண்டுக்குள் நாட்டுக்கே சட்டமாகிவிட்டது.

அந்தச் சபைக்குள்ளிருந்தே எழுந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. பேயர்ஸ் நௌடே. வெள்ளையர் ஆதிக்கத்தைத் திரைமறைவில் நடத்திய ரகசியச் சங்கம் ஒன்று இருந்தது. அதை நிறுவியவர்களில் ஒருவர் இவருடைய அப்பா. மகனும் அதில் உறுப்பினர், பெரிய சபைக்குப் போதகர், மேலே மேலே போகக்கூடியவர். 1960 மார்ச் 21-ஆம் தேதி ஷார்ப்வில் என்ற ஊரில் கறுப்பினப் போராட்டக்காரர்களைப் போலீஸ் சுட்டதில் 69 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு அவரால் முன்போல் பிரசங்கம் செய்ய முடியவில்லை. 1963-இல் ஜோகன்னஸ்பர்க்கில் தன் சபையாரிடம், "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" என்ற வசனத்தை எடுத்துப் பேசிவிட்டு, அந்தப் பிரசங்க பீடத்தை விட்டு இறங்கினார். 1977 முதல் ஏழு ஆண்டுகள் அரசாங்கம் அவர்மேல் தடை போட்டது. ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் அவரோடு இருக்கக் கூடாது. உறவும் போனது, ஊரும் ஒதுக்கியது. 1994-இல் அந்தச் சபையே அவரிடம் மன்னிப்புக் கேட்டது. அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது.

சரி, இப்போது 1990-க்கு வருவோம். பிப்ரவரியில் மண்டேலா விடுதலையாகிவிட்டார். நவம்பரில் ரஸ்டன்பர்க் என்ற ஊரில் பல சபைகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். வெள்ளையர், கறுப்பர், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தேயார் எல்லோரும் ஒரே மண்டபத்தில். அங்கே வில்லி யோங்கர் என்ற இறையியல் பேராசிரியர் எழுந்தார். டச்சு சீர்திருத்தச் சபைக்காரர், ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர். ஆய்வுரை வாசிக்க வந்தவர், அதற்கு நடுவே ஒரு பாவ அறிக்கை செய்தார். உங்களில் பலருக்கு இழைக்கப்பட்ட அநீதியில் எனக்குள்ள சொந்தப் பாவத்தையும் பொறுப்பையும் கர்த்தருக்கு முன்பாகவும் உங்களுக்கு முன்பாகவும் அறிக்கையிடுகிறேன், என் சபையின் பேராலும் என் இனத்தாரின் பேராலும் இதைச் செய்யத் துணிகிறேன் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் தமிழ் இலக்கணம் ஞாபகத்துக்கு வரும். நமக்கு 'நாம்' தனி, 'நாங்கள்' தனி. கேட்கிறவரையும் சேர்த்தால் நாம். அவரை வெளியே நிறுத்தினால் நாங்கள். பல மொழிகளில் இந்த வித்தியாசமே கிடையாது. மன்னிப்புக் கேட்கும் இடத்தில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பாருங்கள். "நாம் எல்லோரும் தவறு செய்துவிட்டோம், பழையதை மறப்போம்" என்று அடித்தவன் சொன்னால், அடிபட்டவனையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறான். "நாங்கள் தவறு செய்தோம்" என்றால் அவன் தனியாக நிற்கிறான். யோங்கர் முதலில் 'நான்' என்றார், அப்புறம் 'நாங்கள்' என்றார். 'நாம்' என்ற பேச்சுக்கே போகவில்லை. எருசலேமின் மதில் இடிந்து கிடந்ததைக் கேள்விப்பட்டு அழுத நெகேமியாவும் அப்படித்தான் ஜெபித்தான்: "நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம்." தகப்பன் வீட்டைச் சேர்க்கிறான், ஆனால் தன்னைத்தான் முதலில் வைக்கிறான்.

யோங்கர் பேசியதும் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு எழுந்தார். இப்படி ஒரு அறிக்கை வரும்போது பாதிக்கப்பட்ட நாங்கள் மன்னிக்கிறோம் என்று சொல்லியாக வேண்டும் என்று பதில் கொடுத்தார். மண்டபத்தில் எல்லோரும் கைதட்டிவிடவில்லை. எங்கள் சார்பில் மன்னிக்க டூட்டுவுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கறுப்பினப் பிரதிநிதிகளில் சிலர் கேட்டார்கள். அந்தப் பக்கம், யோங்கர் இப்படி அறிக்கை செய்ததில் முன்னாள் அதிபர் பி.டபிள்யூ. போத்தாவுக்குக் கோபம். என்னைக் கேட்டால், டூட்டுவைக் கேள்வி கேட்டவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மன்னிப்பு கேட்கிறவன், எப்போது கிடைக்கும் என்பதையும் சேர்த்துத் தீர்மானிக்க முடியாது.

பிறகு, நிறவெறிக் காலத்துக் கொடுமைகளை விசாரிக்க உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் வந்தது. 1996 ஏப்ரலில் விசாரணை தொடங்கியது. தலைவர் டூட்டு. ஊதா அங்கி போட்டுக்கொண்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, ஜெபத்தோடு ஆரம்பித்தார். அரசாங்க ஆணையத்தில் எதற்கு இவ்வளவு கிறிஸ்தவம் என்று சிலர் கேட்டார்கள். பல மதத்தார் வாழும் நாட்டில் அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த ஆணையத்தை அமைத்த சட்டத்தில் ஒன்று என்னை யோசிக்க வைத்தது. பொது மன்னிப்பு வேண்டுகிறவர் முழு உண்மையைச் சொல்ல வேண்டும், அரசியல் நோக்கத்தில் செய்ததாகக் காட்ட வேண்டும். வருந்த வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள், ஒரு சிறு பகுதியினருக்குத்தான் கிடைத்தது. அவர்களில் யார் மனம் வருந்தினார்கள் என்று சட்டம் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது சரியென்றே நினைக்கிறேன். வருந்து என்று அரசாங்கம் உத்தரவு போட்டால் நடிப்புதான் மிஞ்சும். உண்மையைச் சொல்ல வைக்க நீதிமன்றத்தால் முடியும். மனம் திரும்ப வைக்க முடியாது. தேசத்தின் வாழ்க்கையில் விசுவாசத்துக்கு ஒரு வேலை உண்டென்றால் அது இந்த இடத்தில்தான் என்று நம்புகிறேன். சட்டம் எழுதிக் கொடுப்பதோ, அடுத்த மதத்தானுக்குப் புத்தி சொல்வதோ அந்த வேலை இல்லை.

ஏட்ரியன் ஃப்ளோக் என்று ஒருவர். நிறவெறி ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் காவல்துறை அமைச்சர். அப்போது தென்னாப்பிரிக்க சபைகளின் மன்றத்துக்குப் பொதுச் செயலாளராக இருந்தவர் ஃபிராங்க் சிக்கானே, ஒரு கறுப்பினப் போதகர். 1989-இல் சிக்கானேயின் துணிமணிகளில் காவல்துறை ஆட்கள் விஷம் தடவிவிட்டார்கள். பயணத்தில் திரும்பத் திரும்ப விழுந்தார். அமெரிக்காவில் டாக்டர்கள் காரணத்தைக் கண்டுபிடித்ததால் பிழைத்தார். அடுத்த வருடம் ரஸ்டன்பர்க் கூட்டத்துக்கு இணைத் தலைவராக உட்கார்ந்திருந்தவரும் இவரே.

2006 ஆகஸ்டில், சிக்கானே அதிபர் அலுவலகத்தின் தலைமை அதிகாரி. ஃப்ளோக் பார்க்க வந்தார். கையில் ஒரு பைபிள். அதில் "கர்த்தருக்கும் உமக்கும் விரோதமாகப் பாவம் செய்தேன், மன்னிப்பீரா" என்ற பொருளில் எழுதியிருந்தது. கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்தார். பையிலிருந்து ஒரு கிண்ணத்தை வெளியே எடுத்துத் தண்ணீரை ஊற்றினார். துண்டை எடுத்தார். இதைச் செய்ய நீங்கள் என்னை அனுமதிக்க வேண்டும் என்று கேட்டார். தான் கொல்லப் பார்த்த ஆளின் கால்களை அந்த முன்னாள் அமைச்சர் கழுவினார். பிறகு, போலீசாரால் கொல்லப்பட்ட, மாமெலோடி என்ற கறுப்பினக் குடியிருப்பு இளைஞர்களின் தாய்மாருடைய கால்களையும் கழுவினார். அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் விஷம் வைத்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நிறுத்திவைக்கப்பட்ட பத்தாண்டுத் தண்டனை பெற்றார். கால் கழுவினால் போதுமா, தெரிந்ததை எல்லாம் சொன்னாரா என்று கேட்டவர்கள் நிறையப் பேர். அந்தக் கேள்வி அவர் 2023-இல் சாகும்வரை அவரை விடவில்லை. விடவும் கூடாது.

ஏனென்றால் வேதம் அதோடு விடுவதில்லை. சகேயு ஆயக்காரன், வரி வசூலில் ஊரைச் சுரண்டியவன். இயேசு வீட்டுக்கு வந்ததும் எழுந்து நின்று என்ன சொன்னான்? ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதுண்டானால் "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்." கணக்கு சொன்னான். தென்னாப்பிரிக்காவில் அந்தக் கணக்குதான் இன்னும் முடியவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு ஆண்டுகள் உதவித்தொகை தர வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. 2003-இல் அரசாங்கம் ஒரே தடவையாக ஆளுக்கு 30,000 ராண்ட் என்று முடித்துக்கொண்டது. நிலமும் சொத்தும் பெரும்பாலும் பழைய கைகளில்தான். தமிழில் மனந்திரும்புதல் என்கிறோம். திரும்புதல் என்றால் வந்த வழியே போக வேண்டும். போகும் வழியில் எடுத்ததை வைத்துவிட்டுத்தானே போக முடியும்?

இவ்வளவு தூரத்துக் கதையை நான் எடுத்ததற்குக் காரணம் எங்கள் ஊர்தான். தனி மேசை நமக்குப் புதிது இல்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்திய சபைகளில் சாதி பார்த்து உட்காருவதையும் சாதி பார்த்துத் திருவிருந்து வாங்குவதையும் ஒழிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய கலகம் ஆயிற்று.

எங்கள் ஊர்க் கோயிலில் எழுதப்பட்ட விதி எதுவும் கிடையாது. ஆனால் திருவிருந்துக்கு யார் முதலில் போவார்கள் என்று சின்னப் பையனான எனக்கே தெரியும். என் தாத்தா முதல் வரிசை. கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு பாட்டி, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, எல்லோரும் வாங்கி முடிக்கும்வரை தரையில் உட்கார்ந்திருப்பார். அவர் வந்து வாயருகே கொண்டுபோன பிறகு அந்த ரசப் பாத்திரத்தை வேறு யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடுப்பளவு ஒரு சுவர். இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள், அந்தப் பக்கம் அவர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பாட்டியின் மகனைத் தேடிப் போனேன். அவருக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. நாங்கள் உங்கள் அம்மாவுக்குச் செய்தது பாவம், என்னை மன்னியுங்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே திரும்பி டீ போடச் சொன்னார். டீ வந்து, குடித்து, தம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் பேசினார். "சார், நீங்க வந்தது சந்தோஷம். எங்கம்மா அந்தப் பக்கம்தான் கிடக்காங்க. சுவர் இன்னும் இருக்கு."

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி கூடுகிறது. சுவரை எடுப்பது பற்றி மூன்றாவது தடவையாகப் பேசப் போகிறோம். முதல் இரண்டு தடவையும் என் உறவுக்காரர்கள்தான் தள்ளிப்போட்டார்கள். இந்தத் தடவை அவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.