வேலிப் பொட்டும் வெங்காய அறையும்

(யாழ்ப்பாணத்து உரும்பிராய்ப் பக்கத்து வாசிகசாலை ஒன்றில் மாலை நேரம் பேசியது. திரும்பத் திரும்பச் சொன்னவற்றை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

தலைவர் அவர்களே, வாசிகசாலை நண்பர்களே, முன்னால் பாயில் இருக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் 'உயிரியலில் வெளி' என்று போட்டிருக்கிறார்கள். விண்வெளி என்று நினைத்து ரொக்கெட் பார்க்க வந்த பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள் என்று இப்போதுதான் கேள்விப்பட்டேன். மன்னிக்க வேண்டும், ரொக்கெட் இல்லை. வெங்காயம் கொண்டுவந்திருக்கிறேன்.

வெங்காயம் விளைவிக்கும் இந்த ஊரில் வெங்காயத்தைப் பற்றி நான் பேசுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கம்தான். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். உரிக்காத வெங்காயத்தைக் கண்ணருகே எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் கண் எரிவதில்லை. கத்தி பட்டால் எரிகிறது. ஏன்? கண்ணை எரிக்கும் பொருள் வெங்காயத்துக்குள் முன்பு இருக்கவே இல்லை. அதற்கான மூலப்பொருள், கந்தகம் சேர்ந்த ஒரு சேர்வை, கலத்தின் (செல் என்பார்களே, அதன்) ஒரு பகுதியில் இருக்கிறது. அதை உடைக்கும் நொதியம், அதாவது என்சைம், அதே கலத்துக்குள் இன்னோர் அறையில் அடைபட்டுக் கிடக்கிறது. நடுவே ஒரு மெல்லிய சவ்வு. கத்தி அந்தச் சவ்வைக் கிழித்ததும் இரண்டும் சந்திக்கின்றன. அங்கிருந்து இன்னொரு நொதியம் வேலையைப் பொறுப்பெடுத்து, கண்ணீர் வரவைக்கும் ஆவியைச் செய்து முடிக்கிறது. இந்த இரண்டாவது நொதியத்தை 2002ஆம் ஆண்டில்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை முதலாவதே முழு வேலையையும் பார்க்கிறது என்று நம்பியிருந்தார்கள்.

ஆக, நாங்கள் சமையலறையில் அழுவது ஒரு சுவர் இடிந்ததற்காக. இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் அந்தச் சுவரைப் பற்றித்தான். இடம் என்பது சும்மா கிடக்கும், உயிர் வந்து அதில் குந்திக்கொள்ளும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். உயிரியல் அப்படிச் சொல்வதில்லை. உயிர் தன் இடத்தைத் தானே கட்டுகிறது. கட்டியதைக் காப்பாற்ற ஒவ்வொரு கணமும் செலவழிக்கிறது.

1665இல் இங்கிலாந்தில் ரொபேட் ஹூக் என்பவர் தக்கையைச் சீவி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. சிற்றறை என்ற பொருளில் 'செல்' என்று எழுதினார். அவர் பார்த்தது செத்த தக்கை. உள்ளே இருந்தவர் என்றோ போய்விட்டார், சுவர் மட்டும் மிச்சம். ஆளில்லாத வீட்டைப் பார்த்து வைத்த பெயர்தான் உலகம் முழுக்க நிலைத்தது.

தமிழ்நாட்டில் செல் என்கிறார்கள், நாங்கள் கலம் என்று படித்தோம். எனக்குக் கலம்தான் பிடிக்கும், அது ஊர்ப் பாசத்தினால் மட்டும் இல்லை. கலம் என்றால் பாத்திரம். மரக்கலம் என்றால் கப்பல். கடலை வெளியே வைத்திருக்கும் வரைதான் அது கப்பல். உள்ளே விட்டால் பலகை.

ஆனால் எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு சொல்லோடு எனக்கு நீண்டகாலச் சண்டை உண்டு: புன்வெற்றிடம். தாவரக் கலத்தின் நடுவில் பெரிதாக இருக்கும் பைக்கு இந்தப் பெயர். பழைய நுணுக்குக்காட்டியில் வெறுமையாகத் தெரிந்ததால் ஐரோப்பியர் 'வெறுமை' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள், நாங்கள் அதை விசுவாசமாகத் தமிழாக்கினோம். முப்பது வருடம் அதைக் கரும்பலகையில் எழுதியவன் நான், அதனால் எனக்கும் பங்கு உண்டு. அந்த வெற்றிடத்துக்குள் என்ன இருக்கிறது? தேசிக்காயின் புளிப்பு அங்கேதான் இருக்கிறது. பீற்றூட்டின் சிவப்பு அங்கேதான் இருக்கிறது. வெங்காயத்தின் அந்த முதல் நொதியம் அடைபட்டிருந்ததும் அங்கேதான். முதிர்ந்த தாவரக் கலத்தில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு கொள்ளளவு இந்தப் பைதான். கீரை விறைப்பாக நிற்பது அதற்குள் நிரம்பிய நீர் சுவரைத் தள்ளுவதால். நீர் போனால் சந்தையில் பின்னேரக் கீரை தலை தொங்குகிற மாதிரித் தொங்கும். வீட்டில் செய்து பாருங்கள்: பீற்றூட் துண்டை நன்றாகக் கழுவிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள், தண்ணீர் பெரிதாக நிறம் மாறாது. கொதிநீரில் போட்டால் சிவந்துவிடும். சூடு சவ்வைக் கெடுத்துவிட்டது, சரக்கு வெளியே வந்துவிட்டது.

உண்மையிலேயே காற்றை மட்டும் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. வாழைத் தடலைக் குறுக்கே வெட்டினால் தெரியும் அறைகள், தாமரைத் தண்டின் துளைகள். கடலேரிச் சேற்றில் மூச்சுவிட வழியில்லை, அதனால் கண்டல் மரங்கள் சில வேரை மேலே நீட்டி, காற்றை உட்துளைகள் வழியே கீழே இறக்குகின்றன. எங்கள் நெஞ்சுக்குள்ளும் அப்படித்தான். நுரையீரலின் காற்றறைகளை விரித்துப் போட்டால் ஏறத்தாழ 70 சதுர மீற்றர். எங்கள் காணிக் கணக்கில் ஒரு பரப்பு என்றால் 253 சதுர மீற்றர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஒவ்வொருவரிடமும் கால் பரப்புக்குச் சற்றுக் கூடக் காணி இருக்கிறது. சீதனமாகக் கேட்க முடியாத காணி.

சரி, சவ்வுக்கு வருவோம். அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஏழு எட்டுப் பங்கு. யாழ்ப்பாணத்தானுக்கு அதை விளக்க அதிகம் கஷ்டப்படத் தேவையில்லை. அது வேலி. வேலி என்றால் முழுக்க அடைத்தது என்று வெளியூர்க்காரர் நினைப்பார்கள். எங்களுக்குத் தெரியும், வேலி இருந்தால் ஒரு பொட்டும், அதாவது நுழைந்து போக ஓர் ஓட்டையும், இருக்கும். கறிக்கிண்ணம் அந்தப் பொட்டுக்குள்ளால் போகும், பனங்கொட்டைப் பூரானும் ஒடியல் மாவும் வரும். ஆனால் எல்லாரும் நுழைய முடியாது. எந்தக் கோழி எந்த வீட்டுக் கோழி என்று பார்க்க ஓர் ஆச்சி இருப்பார். கலத்தின் சவ்விலும் பொட்டுகள் உண்டு. நீருக்கு மட்டுமான பொட்டைக் கண்டுபிடித்த பீற்றர் அக்ரே 2003இல் நோபல் பரிசு பெற்றார். நீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் அதனூடே போகும். நீரைவிடச் சிறிய ஐதரசன் அயன், அதாவது மின்னேற்றம் கொண்ட ஐதரசன் அணு, போக முடியாது. பருமனை மட்டும் பார்த்து விடும் ஓட்டையாக இருந்தால் இது நடக்காது. ஆச்சி மாதிரி, ஆளைப் பார்த்து விடுகிறது.

அப்புறம் இறைப்பும் உண்டு. சவ்வில் இருக்கும் ஒரு புரதம் மூன்று சோடியம் அயன்களை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கிறது. இரவு பகல் நிற்பதில்லை. நீங்கள் சாய்மனைக் கதிரையில் சும்மா சாய்ந்திருக்கும்போதும் உடல் செலவிடும் சக்தியில் கணிசமான பங்கு இந்த இறைப்புக்குப் போகிறது. 1957இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ இதை நண்டின் நரம்பில் கண்டார். நோபல் பரிசு வர நாற்பது வருடம் ஆயிற்று.

இனி வேலிக்கு வெளியே. கலங்களுக்கு இடையில் இருக்கும் இடைவெளியும் வெறும் ஒழுங்கை இல்லை, அங்கேயும் நீர் இருக்கிறது. எழுபது கிலோ ஆளின் உடலில் 42 லீற்றர் நீர் என்றால், சுமார் 28 லீற்றர் கலங்களுக்குள். மிச்சம் வெளியே, குருதியிலும் இடைவெளிகளிலும். இது முக்கியமா என்று கேட்பவர்களுக்கு டெங்குவைச் சொல்வேன். மழைக்காலத்தில் ஊரில் டெங்கு வராத ஒழுங்கை குறைவு. எனது மருமகனுக்கு வந்தபோது மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் வார்ட்டில் தாதி அடிக்கடி குருதி எடுத்துப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். டெங்குவில் ஆபத்துக் காலம் பல பேருக்குக் காய்ச்சல் விடும்போதுதான் வருகிறது. குருதிக் குழாயின் சுவர் கசியத் தொடங்கி, நீர்ப்பகுதி நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் போய்த் தேங்கும். மருத்துவர்கள் இதை 'மூன்றாம் இடம்' என்பார்கள். கலத்துக்குள் ஓரிடம், குழாயும் இடைவெளியும் சேர்ந்து இன்னோரிடம், இது யாருக்கும் பயன்படாத மூன்றாவது. உடலை விட்டு ஒரு துளி நீரும் வெளியே போகாமலே ஆள் நீர் வற்றிப் போகிறான்! ஓரிரு நாளில் கசிவு நின்று அந்த நீர் குழாய்க்குத் திரும்பும். அதற்குமுன் அளவுக்கு மேல் சேலைன் ஏற்றியிருந்தால் இரண்டும் சேர்ந்து நுரையீரலை மூழ்கடிக்கும். அதனால்தான் தாதிமார் குடித்த தண்ணீரையும் போன சிறுநீரையும் மில்லிலீற்றரில் எழுதுகிறார்கள். அதைத் தொந்தரவு என்று சலிக்காதீர்கள்.

இன்னொரு இடம் இருக்கிறது, அதைக் கோழி மூலம் சொல்கிறேன். முட்டைக்குள் கரு வளரும்போது சிறகு முதலில் ஒரு சின்ன மொட்டு. அதில் எல்லாக் கலமும் பார்வைக்கு ஒன்றுதான். எது எந்த விரல் என்று யார் சொல்வது? 1968இல் ஜோன் சாண்டர்சும் மேரி கசெலிங்கும் மொட்டின் பின் ஓரத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து, இன்னொரு மொட்டின் முன் ஓரத்தில் ஒட்டினார்கள். மூன்று விரல் வரவேண்டிய சிறகில் கண்ணாடியில் பார்த்த மாதிரி இன்னும் மூன்று முளைத்தன. அடுத்த ஆண்டு லூயிஸ் வொல்பேட் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: கலத்துக்குத் தான் எங்கே நிற்கிறேன் என்று தெரிகிறது, அதை வைத்துத்தான் என்ன ஆவது என்று முடிவெடுக்கிறது. மூலையில் ஒரு வீட்டில் மீன் பொரித்தால் ஒழுங்கையில் நிற்பவர் மணத்தின் கனத்தை வைத்தே எத்தனை வீடு தள்ளி என்று சொல்வாரே, அப்படி. 1993இல் அந்த மணத்தையும் கண்டுபிடித்தார்கள், அது ஒரு புரதம். பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள்: சோனிக் ஹெட்ஜ்ஹொக். வீடியோ கேம் முள்ளெலியின் பெயர்! விஞ்ஞானிகளும் வீட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள்தான்.

சிலருக்குப் பெருவிரல் பக்கத்தில் ஆறாவது விரல் இருக்கும், அதிர்ஷ்டம் என்பார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குக் காரணம், இதே புரதம் உருவாகக்கூடாத பெருவிரல் ஓரத்திலும் கொஞ்சம் உருவானது. இதை எங்கே உண்டாக்குவது என்று கட்டளையிடும் டீஎன்ஏத் துண்டு, அந்த மரபணுவிலிருந்து ஏறத்தாழப் பத்து இலட்சம் எழுத்துத் தள்ளி இருக்கிறது. நூலை நீட்டினால் தூரம்; ஆனால் கலத்தின் நடுவே இருக்கும் கருவுக்குள் நூல் மடிந்து கிடப்பதால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. இரண்டு மீற்றர் நூலை மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத உருண்டைக்குள் வைத்திருக்கிறோம், மடிப்பில் விஷயம் இருக்காமல் போகுமா?

சூழலியலாளர் பேசும் இடம் வேறு. ஓர் உயிரின் வாழ்வுக்கு உரிய இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் சுவரில் விளக்கு வைக்கும் மாடத்தைக் குறிக்கும் சொல். தமிழிலும் மாடம் என்றே சொல்லலாம். ஒரு பனையைப் பாருங்கள். ஓலையின் அடிப்புறத்தில் எச்சிலால் கூட்டை ஒட்டுகிறது பனை உழவாரன். நுனியில் தொங்க விடுகிறது தூக்கணாங்குருவி. காவோலைக்குள் வௌவால். சண்டைக்காலத்தில் ஷெல் பட்டுத் தலை போன பனைகளில் கிளி பொந்து பிடித்ததை நான் மட்டுமா பார்த்தேன்? மரம் ஒன்று, மாடம் பல. ஆனால் 1957இல் ஹட்சின்சன் என்ற சூழலியலாளர் சொன்னது இன்னும் ஒரு படி மேலே: மாடம் மண்ணில் அளக்கும் இடமே இல்லை. வெப்பம் ஓர் அச்சு, உப்பு ஓர் அச்சு, இரை ஓர் அச்சு என்று எத்தனையோ அச்சுகளுக்குள் அடங்கும் ஒரு வெளி அது. கேட்கக் கஷ்டமாக இருந்தால் தொண்டமானாற்றுக் கடலேரிப் பக்கம் போங்கள். மார்கழியில் ஏரி மழைநீரால் நன்னீர்ப் பக்கம் சாயும், வெயில் காலத்தில் வற்றி உப்பேறும். ஏரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. உப்புத் தாங்காத மீனுக்கு மட்டும் அதே ஏரி ஆடி ஆவணியில் சுருங்கிப் போகிறது, ஒரு வேலியும் நகரவில்லை.

கடைசியாகத் தலைக்குள் இருக்கும் இடம். 1971இல் ஜோன் ஓ'கீஃப் எலியின் மூளையில் ஒரு கலம் அது கூண்டின் ஒரு குறிப்பிட்ட மூலைக்குப் போனால் மட்டும் துடிப்பதைக் கண்டார். அடுத்த மூலைக்கு இன்னொரு கலம். 2005இல் நோர்வேயின் மோசர் தம்பதியினர் வேறொரு வகைக் கலத்தைக் கண்டார்கள். அது ஓரிடத்தில் இல்லாமல் தரை முழுக்கப் பரவிய புள்ளிகளில் துடித்தது. அந்தப் புள்ளிகளைக் குறித்துப் பார்த்தால், முன்வரிசைப் பெண் பிள்ளைகளுக்குத் தெரியும், இடைப்புள்ளிக் கோலம்! மார்கழியில் வாசலில் வைக்கும் அதே முக்கோண ஒழுங்கு. மூன்று பேருக்கும் 2014இல் நோபல். மறதி நோயில் ஆரம்பத்திலேயே அடிபடும் பகுதிகளில் கோலம் போடும் இந்தப் பகுதியும் ஒன்று. தன் ஒழுங்கையிலேயே வழி தவறும் முதியவரைக் கண்டால் சிரிக்காமல் கூட்டிக்கொண்டு போய் விடுங்கள்.

எனது பெரியம்மா மயிலிட்டிக்காரி. 1990இல் ஒரு பெட்டியோடு வெளிக்கிட்டவர். 2017இல் அங்கே இராணுவம் வைத்திருந்த காணிகளில் கொஞ்சம் விடப்பட்டபோது நாங்கள் அவரைக் கூட்டிப் போனோம். வீடு இல்லை, வேலி இல்லை, பூவரசு இல்லை, ஆளுயரப் பற்றை. எனக்குத் திசையே பிடிபடவில்லை. பெரியம்மா ஒரு தடியை ஊன்றிக்கொண்டு நேரே நடந்து, ஓரிடத்தில் நின்று, "இதிலைதான் குசினி. கிணறு அங்காலை, பதினெட்டு எட்டு வைச்சால் வரும்" என்றார். வெட்டிப் பார்த்தோம். கிணற்றுக் கட்டு தட்டுப்பட்டது.

வளவின் எல்லையையும் அதே உறுதியோடு காட்டினார். நில அளவையாளர் வந்து அளந்தபோது அது இரண்டடி பக்கத்துக் காணிக்குள் போய் நின்றது. பெரியம்மா அளவையாளரின் சங்கிலிதான் பிழை என்கிறார். பக்கத்துக் காணிக்காரர் அப்படிச் சொல்லவில்லை. கதை இன்னும் ஓடுகிறது.

தேத்தண்ணி வந்துவிட்டது போலிருக்கிறது. கேள்வி இருந்தால் குடித்துக்கொண்டே கேளுங்கள்.