ஃப்ளை கட்ட வீட்டுச் சாமான் காணுமோ? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. புதுசா வந்தாக்களுக்கு, ஃப்ளை எண்டா தூண்டில் கொக்கியில மயிர், இறகு, நூல் வச்சுக் கட்டுற போலி இரை. அராலியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணை, நீங்கள் ஃப்ளை கட்டேக்க காட்டுற மான்வால் மயிர், சாயம் போட்ட இறகு, மினுங்கல் இழை ஒண்டும் யாழ்ப்பாணத்தில எடுக்கேலாமக் கிடக்கு. வெளிநாட்டில இருந்து எடுப்பிச்சா சாமானை விடத் தபால் காசு கூட. வீட்டில கிடக்கிறதை வச்சுக் கட்டினா மீன் அடிக்குமோ?" இந்தக் கேள்வியைக் கண்டோண்ண எனக்குச் சரியான சந்தோசம்.

அடிக்கும் தம்பி. அந்தச் சாமான் தண்ணிக்குள்ள என்ன செய்யுது எண்டதுதான் விசயம். மிதக்குதோ, தாழுதோ, அசையுதோ, மினுங்குதோ. பழைய ஆக்களுக்கு நான் இதைச் சொல்லிச் சொல்லிப் பாடமாயிருக்கும், எண்டாலும் திருப்பிச் சொல்லுறன். பேரைப் பாக்காதேங்கோ, தண்ணிக்குள்ள போட்டுப் பாருங்கோ.

இப்ப கயிறை எடுங்கோ. கரையில அறுந்து கிடக்கிற எல்லாத்தையும் நாங்கள் நைலோன் கயிறு எண்டுதான் சொல்லுறது. ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணியில போடுங்கோ. மிதந்தா அது நைலோன் இல்லை, அனேகமாப் பொலிபுரொப்பிலீன். அதின்ர அடர்த்தி 0.9 அளவில, தண்ணியை விடக் குறைவு. உண்மையான நைலோன் 1.14, அது தாழும். உரபாக் இழையும் பொலிபுரொப்பிலீன்தான். அதை ஊசியால கிழிச்சுக் கிழிச்சு மெல்லிசாக்கினா மேல் தண்ணியில ஓடுற மீன்குஞ்சு மாதிரிக் கட்டலாம். பழைய றப்பர் செருப்பின்ர அடியும் அப்பிடித்தான், பிளேட்டால வெட்டி எடுத்தா மிதக்கிற தலை ரெடி.

இங்கிலாந்தில பிராங் சோயர் எண்டு ஒருத்தர், ஏவன் ஆத்தைப் பாத்துக்கொண்டு இருந்த காவலாளி. 1980இல செத்துப்போனார். அவர் கட்டின ஒரு ஃப்ளை இண்டைக்கும் பேர்போனது. அதை என்னத்தால கட்டினவர் தெரியுமோ? சட்விக்ஸ் 477 எண்ட கம்பளி நூல், கிழிஞ்ச உடுப்புத் தைக்கிற நூல்! அதோட மெல்லிய செப்புக் கம்பி. நனைஞ்சோண்ண அந்த நூலின்ர நிறம் மாறுற விதம் அவருக்குப் பிடிச்சிருந்தது. பிறகு அந்த நூல் வாறது நிண்டுபோச்சு. இப்ப அந்த நூல் சுத்தின பழைய அட்டை ஒண்டு கிடைச்சாலே ஆக்கள் கனக்கக் காசு குடுத்து வாங்குகினம், இன்னும் கொஞ்சப்பேர் அதுக்கு ஈடா என்ன நூல் போடலாமெண்டு தேடித் திரியினம். வீட்டுச் சாமானா வந்தது அப்பிடி ஆயிட்டுது, பாருங்கோ.

மான்வால் மயிருக்கு ஈடு ஆட்டு மயிர். இறைச்சிக்கடையில கேட்டா கிடாய்த் தாடி தருவினம், அது நல்ல நீளம். சவர்க்காரம் போட்டுக் கழுவி நிழலில காயவிடுங்கோ. தண்ணிக்குள்ள அது அசையிறதைப் பாத்தா உங்களுக்கே விளங்கும். வீட்டுச் சேவலின்ர கழுத்து இறகு விறைப்பு, மினுக்கம். பேட்டின்ர இறகு மெத்து, தண்ணி குடிச்சுத் தாழும். ரெண்டும் வேணும், ரெண்டுக்கும் வேற வேலை. மான், மயில், கொக்குப் பக்கம் போகாதேங்கோ, சட்டப் பிரச்சினை. கோழியும் ஆடும் காணும்.

பிறகு எனக்கு நல்லாப் பிடிச்ச ஒண்டு, திறப்புக் கோர்வையில வாற குண்டுமணிச் சங்கிலி. ரெண்டு மணியை வெட்டித் தூண்டில் கொக்கித் தண்டின்ர மேல்பக்கத்தில கட்டினா அதுதான் கண். பாரம் மேலே இருக்கிறதால தூண்டில் பிரண்டு, முனை மேலே பாத்தபடி வரும். எங்கட கடலேரியில சாதாழை கிடக்கிற இடத்தில இது பெரிய உதவி, சிக்குறது குறையும்.

தையல் நூல் போடலாம், ஆனா பொலியெஸ்டரா இருக்கோணும். பருத்தி நூல் உப்புத்தண்ணியில உக்கிப்போகும். பெரிய தூண்டிலுக்குப் பொலியெஸ்டர் நூல் காணும், சின்னதுக்கு மொத்தம். எங்கட மச்சாள் தைக்கிறவ, மிச்சக் கட்டையெல்லாம் எனக்குத்தான் வரும். முடிச்சுக்கு மேல நிறமில்லாத கியூட்டெக்ஸ் ரெண்டு தரம் பூசுங்கோ. மினுக்கத்துக்கு சிப்ஸ் பாக்கின்ர உள்பக்கம், இல்லாட்டி நத்தார் தோரணம்.

தூண்டிலில மட்டும் மிச்சம் பிடிக்காதேங்கோ. கடலுக்கெண்டு செய்த, துருப்பிடிக்காத நல்ல தூண்டிலா வாங்குங்கோ. அதுக்கு வீட்டில ஈடு இல்லை.

ஆனா தம்பி, எதால கட்டுறதெண்டு கேக்க முந்தி எதை மாதிரிக் கட்டுறதெண்டு கேட்டிருக்கோணும். பண்ணைக் கடலிலயோ பொன்னாலைக் கடலிலயோ வத்து நேரம் கரையோரமா ஒரு சின்ன வலையால அள்ளிப் பாருங்கோ. சின்ன றால் வருதோ, மீன்குஞ்சு வருதோ, எத்தினை அங்குலம், என்ன நிறம்? குட்டி றால் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரித்தான் இருக்கும், வெளிறின ஆட்டு மயிரைக் கொஞ்சமாக் கட்டினா அதுக்குக் கிட்ட வரும். கனக்க வைக்காதேங்கோ, எல்லாரும் கட்டுறது தடிப்பாத்தான். கொடுவா மீன் றாலும் தின்னும், சின்ன மீனும் தின்னும். ஒண்டு பிடிபட்டா வெட்டேக்க வயித்தையும் திறந்து பாருங்கோ, உள்ளுக்கு இருக்கிறதின்ர நீளத்துக்கு அடுத்த ஃப்ளையைக் கட்டுங்கோ. கட்டினதைப் படம் எடுத்து அனுப்புங்கோ தம்பி, நனைச்சுப்போட்டு எடுங்கோ, காய்ஞ்சிருக்கேக்க ஒண்டும் தெரியாது.

சரி, அடுத்தது மானிப்பாயில இருந்து ஒரு அக்கா, ரீலுக்கு என்ன எண்ணெய் விடுறதெண்டு கேட்டிருக்கிறா.