அலுமாரிக்குள் இருந்த மரியாதை

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மாரே, தங்கச்சியே, என் அணித் தோழர்களே, பகல் முழுக்கப் புத்தாண்டு வெயிலில் வழுக்குமரம் ஏறிக் கயிறு இழுத்துக் களைத்த பிறகும், கோயில் வீதி மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் என் ஊர்ச் சனமே, எல்லோருக்கும் வணக்கம்.

சின்ன வயதில் ஆடம்பரமாகத் தெரிந்த பொருட்கள் நம்மிடம் விட்டுச்சென்றது ஏக்கமா, மரியாதையா? இதுதான் தலைப்பு. மரியாதையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தங்கச்சி காந்தப் பூட்டுப் போட்ட பென்சில் பெட்டியைப் பற்றிச் சொன்னார். பக்கத்து வாங்கில் இருந்த பிள்ளை அதை 'டக்' என்று திறந்து மூடும்போதெல்லாம் தனக்குப் பாடமே ஏறவில்லை என்றார். உண்மைதான். அந்த 'டக்' சத்தம் என் வகுப்பிலும் கேட்டது, நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஏக்கம் இருந்தது, நடுவர் அவர்களே, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தலைப்பில் 'விட்டுச்சென்றது' என்று ஒரு சொல் இருக்கிறது. அன்றைக்கு என்ன வந்தது என்று நம்மைக் கேட்கவில்லை. இன்றைக்கு எது மிச்சம் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். பென்சில் பெட்டி ஏக்கம் அந்தப் பெட்டி கிடைத்த அன்றோ, வயது ஏறிய அன்றோ போய்விட்டது. இன்றைக்கு யாராவது அதற்காகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறோமா?

நாங்கள் ஆறு என்று சொல்லும் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான நம் படுவான்கரையில் எது ஆடம்பரம், எது சாதாரணம் என்பதை முதலில் சொல்கிறேன். சோறு சாதாரணம். வட்டையில் விளைந்த நெல், வீட்டில் குத்திய அரிசி. எருமைத் தயிர் சாதாரணம், முட்டியோடு உறியில் தொங்கும். ஆற்று நண்டும் இறாலும் சாதாரணம், மாமா இரவில் போட்ட வலையில் விடியும்போது கிடக்கும். இன்றைக்குக் கொழும்பு ஹோட்டல்களில் அதே களப்பு நண்டை நிறுத்து விலை சொல்கிறார்கள், சிங்கப்பூருக்கு ஏற்றுகிறார்கள். நமக்கு அது நண்டுக்கறி, அவ்வளவுதான்.

ஆடம்பரம் எது தெரியுமா? பாண். ஆற்றுக்கு அந்தப் பக்கம் எழுவான்கரையில் சுட்டு, சைக்கிள் பெட்டியில் வைத்து, மண்முனைத் துறையில் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏற்றி, இக்கரை வந்து சேரும்போது பின்னேரம் ஆகிவிடும். அந்தப் பாணில் அஸ்ரா மாஜரின் தடவி அதன்மேல் சீனி தூவித் தந்தால் அன்றைக்கு நமக்குத் திருவிழா. கடிக்கும்போது சீனி 'நறநற' என்று பல்லில் அரைபடும். சொக்லேட் என்ற சொல்லே நமக்குத் தெரியாது, எந்தச் சொக்லேட்டுக்கும் கண்டோஸ் என்ற கம்பனிப் பெயர்தான் பெயர்.

சரி, சோடாவுக்கு வருகிறேன்.

வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டார் என்று வையுங்கள். அம்மா முன்னால் சிரித்துப் பேசிக்கொண்டே, பின்னால் கையை நீட்டி என் உள்ளங்கையில் காசைத் திணிப்பார். வாய் திறக்க மாட்டார், எனக்கு விளங்கும். சந்திக் கடைக்கு ஓட்டம். கரண்ட் இல்லாத ஊரில் கடைக்காரர் சோடாப் போத்தல்களை நனைந்த சாக்கின் அடியில் மணலில் புதைத்து வைத்திருப்பார். நெக்டோ ஒன்று. வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று சொல்லித்தான் தருவார். பின்வளவால் வீட்டுக்குள் நுழைந்தால், அம்மா அலுமாரியைத் திறந்து, பத்திரிகைக் கடதாசியில் சுற்றிய பூப்போட்ட கண்ணாடிக் கிளாஸ் ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டிருப்பார். மொத்தம் ஆறு கிளாஸ். அம்மாவின் கலியாணத்துக்கு வந்தவை. அப்பா போத்தலின் மூடியைக் கதவுக் கொண்டியில் வைத்து ஒரு தட்டுத் தட்டுவார். 'புஸ்' என்று அந்தச் சிவப்பு நுரை பொங்கும்.

இனித்தான் கவனிக்கவேண்டிய இடம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். விருந்தாளி குடிப்பார். பாதி, முக்கால். மறுகா நிறுத்துவார். அடியில் ஒரு விரல் அளவு விட்டு, "இஞ்ச வா மகள்" என்று கூப்பிட்டு என்னிடம் கிளாஸை நீட்டுவார். அம்மா "ஐயோ, நீங்க குடியுங்க, அவளுக்கு உள்ள இருக்கு" என்பார். உள்ளே இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

எதிரணி அண்ணன் சொல்வார், "பாருங்கள், எச்சில் சோடாவுக்கு ஏங்கி நின்ற பிள்ளை" என்று. நடுவர் அவர்களே, நான் அங்கே கண்டது வேறு. தன் பிள்ளைக்கு இல்லாததை வந்தவருக்குக் கொடுத்த ஒரு தாய். முழுவதும் தனக்கே என்று தெரிந்தும், கதவடியில் நின்ற பிள்ளையைக் கண்டு தாகத்தைப் பாதியில் நிறுத்திய ஒரு மனிதர். ஒரு போத்தல் சோடா இரண்டு பேரை இந்த அளவுக்குப் பெரிய மனிதர்களாக்கியது. சோடாவின் ருசி எனக்கு மறந்துவிட்டது. அந்த ஒரு விரல் மறக்கவில்லை.

அப்பிளும் அப்படித்தான். அப்பிள் சாப்பிடவேண்டும் என்றால் ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டும். எங்கள் பக்கம் அப்போது மலேரியா வீட்டுக்கு வீடு வந்துபோகும். 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தபோது, எங்கள் வீட்டில் கண் கலங்கினார்கள். அத்தனை நடுக்கத்தை அனுபவித்த வீடு அது. எனக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் முற்றி மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். மாமி ஓர் அப்பிளும் ஒரு பக்கற் கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டும் கொண்டுவந்தார். ஒரே ஓர் அப்பிள். அம்மா அதை எட்டாக வெட்டினார். எனக்கு இரண்டு துண்டு, மிச்சம் பக்கத்துக் கட்டில்களுக்கு. எனக்கு அழுகை வந்தது, ஒளிக்கவில்லை. அம்மா சொன்னார், "அதுகளும் காய்ச்சல்காரப் பிள்ளையள்தானே மகள்." ஆரையம்பதிப் பிள்ளை ஒன்று, காத்தான்குடிப் பிள்ளை ஒன்று, எல்லோர் கையிலும் ஒரு துண்டு.

தொலைக்காட்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரூபவாஹினி 1982-இல் தொடங்கியது. எங்கள் ஊருக்குள் தொலைக்காட்சி வந்தது பல வருடம் கழித்து, அதுவும் நிறைய வயல் வைத்திருந்த ஒரேயொரு போடியார் வீட்டுக்கு. உழவு இயந்திரத்துப் பற்றரியில் ஓடியது. அந்த வீட்டுப் பெரியம்மா அதை அறைக்குள் வைத்து, தன் குடும்பத்தோடு மட்டும் பார்த்திருக்கலாம். அவர் விறாந்தையில் மேசை போட்டு, பெட்டியை வளவுப் பக்கம் திருப்பி வைத்தார். பூத்துணியை விலக்கும்போது நூறு கண் காத்திருக்கும். பற்றரி இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கி, கடைசியில் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகிவிடும். வில்லன் பிடிபட்டானா இல்லையா என்று தெரியாமலே வீட்டுக்குப் போவோம். ஆனால் நடுவர் அவர்களே, அந்த வளவுக்குள் வரக்கூடாதென்று ஒரு பிள்ளையையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

எதிரணித் தலைவர் கடுமையாக ஒன்றைக் கேட்டார். "வறுமைக்கு மாலை போடுகிறீர்களா? பற்றரிக்கும் மண்ணெண்ணெய்க்கும் சீமெந்துக்கும் கட்டுப்பாடு இருந்த யுத்த காலத்தை இனிமையான காலம் என்கிறீர்களா?" இல்லை, அண்ணன். அந்தக் காலத்தை நான் வாழ்த்தவில்லை. சோதனைச் சாவடியில் ஒரு ரோர்ச் பற்றரிக்காக மணிக்கணக்கில் நிற்க வைக்கப்பட்டவர் என் அப்பா. பொருளை மறித்தவர்களுக்கு என்னிடம் ஒரு நல்ல வார்த்தையும் இல்லை. நான் வாழ்த்துவது, அப்படி மறித்தும் கை சுருங்காத சனத்தை. வறுமை வேறு, வறுமைக்குள் நம் தாய்மார் நடந்த விதம் வேறு. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள்.

அந்தச் சனத்தில் ஒருத்தர் என் சின்னம்மா. 1994-இல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். இந்த மணலில் உட்கார்ந்திருக்கும் எத்தனை வீடுகளில் அப்படி ஒரு சின்னம்மா, ஒரு மாமி, ஒரு அக்கா, ஏன், ஒரு அம்மா! நாலு வருடம் கழித்து வந்தார். பெட்டி வந்து இறங்கியபோது முழு ஒழுங்கையும் எங்கள் முற்றத்தில். மூடியைத் திறந்ததும் ஒரு வாசம் வந்தது. சவர்க்காரம், அத்தர், கோடாலித் தைலம் எல்லாம் கலந்த வாசம். இன்றைக்கும் யாராவது வெளிநாட்டுப் பெட்டி திறந்தால் என் நெஞ்சு அந்த முற்றத்துக்குப் போய்விடும்.

ஒரு நிடோ டின், ஒரு டாங் டின், மான் படம் போட்ட தடித்த போர்வை ஒன்று, கண்டோஸ், தைலக் குப்பிகள். சின்னம்மா நிலத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். என் பழைய கொப்பியில் கடதாசி கிழித்துத் தரச் சொன்னார். ஒவ்வொரு கடதாசியிலும் இரண்டு தேக்கரண்டி டாங் தூள் போட்டு, மருந்துப் பொட்டலம்போல மடித்து, வீட்டுக்கு ஒன்று என்று அடுக்கினார். பதினேழு பொட்டலம். எங்கள் பாட்டி பெத்தாவுக்கு ஒரு தைலக் குப்பி. சண்டை பிடித்துக் கதைக்காமல் இருந்த பக்கத்து வீட்டுக்கும் ஒரு பொட்டலம், அதை என் கையில் கொடுத்து அனுப்பினார். அந்த வீட்டுக்காரி வாங்கிப் பிரித்துப் பார்த்து, நாக்கில் ஒரு துளி வைத்து, "எப்ப வந்தவ? மெலிஞ்சு போனாவா?" என்று கேட்டார். அடுத்த நாள் காலையில் தயிர் முட்டியோடு வந்தார்.

எல்லாம் பிரித்து முடிந்தபோது சின்னம்மாவின் கை மட்டும் மிச்சம். நாலு வருடம் அடுத்தவர் வீட்டுத் தரை கழுவிய கை. விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. தைலம் பூசட்டுமா என்று பெத்தா கேட்க, "அது ஆக்களுக்குக் கொடுக்கக் கொண்டுவந்ததுகா, வேணாம்" என்று சொன்னார். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

அந்த நிடோ டின் இன்றைக்கும் அம்மாவின் அரிசிப் பானைக்குள் அளவை. போர்வையை அம்மா மடித்து, அந்த ஆறு கிளாஸ் இருந்த அலுமாரியிலேயே வைத்தார். யாரும் போர்க்கவில்லை. "வைத்து வைத்து என்ன செய்யப் போகிறாய்?" என்று அப்பாவே கேட்டிருக்கிறார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாவலடி, டச்பார், கல்லடிப் பக்கம் கடல் ஏறிய செய்தி வந்தது. பின்னேரத்துக்குள் பாதையிலும் தோணியிலும் சனம் இக்கரைக்கு வரத் தொடங்கியது. உடுத்த துணியோடு வந்தவர்கள், அதுகூடக் கிழிந்து வந்தவர்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு குடும்பம். அதற்கு முன்பு நாங்கள் கண்டதே இல்லாத குடும்பம். தாய், இரண்டு பிள்ளைகள். மூன்றாவது பிள்ளை வரவில்லை.

அம்மா அலுமாரியைத் திறந்தார். மான் போர்வை வெளியே வந்தது. அந்தத் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் போர்த்திவிட்டார். ஆறு கிளாஸும் வெளியே வந்தன. கடதாசி பிரித்து, கழுவி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். வீட்டில் அலுமினியக் குவளை இல்லாமலில்லை. ஆனால் அம்மாவுக்கு அவர்கள் அகதிகள் இல்லை, விருந்தாளிகள். விருந்தாளிக்கு எடுக்கிற கிளாஸைத்தான் எடுத்தார். மூன்று மாதம் இருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் புழங்கிய வீடு, ஒவ்வொன்றாக ஐந்து கிளாஸ் உடைந்தது. ஒன்று உடையும்போதெல்லாம் அந்தத் தாய் குந்தியிருந்து அழுவார், கிளாஸுக்காகவா எதற்காக என்று நமக்குத் தெரியும். அம்மா "கிளாஸ்தானே" என்று சொல்லி, மணலோடு கூட்டி அள்ளுவார்.

ஏக்கத்துக்காகச் சேர்த்துவைத்த கை இப்படித் திறக்குமா, நடுவர் அவர்களே? ஏக்கத்தில் வைத்த பொருளைப் பூட்டி வைப்போம். மரியாதைக்கு வைத்த பொருள் ஆள் வந்ததும் வெளியே வரும்.

எதிரணி அண்ணன் இன்னொன்று சொன்னார். "நமக்குக் கிடைக்காததை எல்லாம் பிள்ளைக்கு வாங்கிக் கொட்டுகிறோமே, அது ஏக்கம்தானே?" அண்ணன், நீங்கள் உங்களுக்கு வாங்கவில்லை, பிள்ளைக்குத்தான் வாங்குகிறீர்கள். முதல் துண்டை அடுத்தவருக்குக் கொடுக்கிற அதே கைதான் உங்கள் கையும். நீங்கள் பேசுவது எங்கள் அணிக்காக.

2014-இல் மண்முனைப் பாலம் வந்துவிட்டது. பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஆட்டோ வாசலுக்கே வருகிறது. அப்பிள் சந்திக் கடையிலேயே குவிந்து கிடக்கிறது. 2022-இல் மட்டும் ஒருமுறை எல்லாம் பழையபடி ஆனது. பால்மாவுக்கு வரிசை, அப்பிளைத் தொட முடியாத விலை. அந்த மாதங்களில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பக்கற் பால்மா கிடைத்தவர், கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் பாதியைக் கொட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தன் அடுப்பை மூட்டினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடதாசியில் மடித்த பொட்டலம் அவர்கள் கைக்கு ஞாபகம் இருந்தது.

மணி அடிக்கப் போகிறார்கள், ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு அமர்கிறேன். நடுவர் அவர்களே, இன்று பின்னேரம் மேடைக்கு வரும் முன் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அம்மாவுக்கு இப்போது கண் அவ்வளவாகத் தெரியாது. தடவித் தடவி அலுமாரியைத் திறந்து, கடதாசியில் சுற்றியிருந்த பூப்போட்ட கிளாஸை எடுத்து உங்களுக்குச் சோடா ஊற்றினார். அது அந்த ஆறில் மிஞ்சிய ஒன்று. நீங்கள் குடித்துவிட்டு, அடியில் ஒரு விரல் அளவு விட்டு, கதவடியில் நின்ற என் மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தீர்கள்.