விட்டுப்போன ஊசி

நேயர்களுக்கு வணக்கம். காலில் ஆணி குத்திய பிள்ளையோடு வருகிற அம்மாக்களிடம் நான் முதலில் தடுப்பூசி அட்டையைத்தான் கேட்பேன். “சின்ன வயசுலயே எல்லாம் போட்டாச்சு சார்” என்பார்கள். அட்டையைத் தேடி எடுத்து வந்தால் பாதிப் பேருக்கு அது ஒன்றரை வயதோடு நின்றிருக்கும்.

ரணஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு எதிரான ஊசி 6, 10, 14 வாரங்களில் மூன்று தடவை. 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு பூஸ்டர், ஐந்து வயது முடிந்ததும் இன்னொன்று. பிறகு 10 வயதிலும் 16 வயதிலும் டிடி. ஆக ஏழு. நான் பார்த்தவரை ஐந்து வயது ஊசிதான் அதிகம் விட்டுப்போகிறது. கைக்குழந்தையாக இருந்தபோது வீடு தேடி வந்து நினைவூட்டிய நர்ஸம்மாவை, பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் நாம் மறந்துவிடுகிறோம். வேலைக்காகச் செங்கல் சூளைக்கும் வெளியூருக்கும் போய்வரும் குடும்பங்களில் இன்னும் சிரமம்.

டிடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பு போட்டது ரணஜன்னிக்கு மட்டுமான ஊசி. இப்போது போடுவதில் தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் முன்னது TT, இப்போதையது Td. தமிழில் சொன்னால் இரண்டும் டிடிதான், அதனால் ஊசி மாறியதே பலருக்குத் தெரியாது!

“அடிபட்டால் அப்போது ஒரு ஊசி போட்டுக்கொள்ளலாமே” என்று கேட்பார்கள். முன்பு ஊசியே போடாத உடம்பில் அந்த ஒரு ஊசி வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். நோயோ பெரும்பாலும் 3 முதல் 21 நாளுக்குள் வந்துவிடும். முதலில் தாடை இறுகும், வாய் திறக்காது. அப்புறம் முதுகு வில்லாக வளையும். துருதான் காரணம் என்பதும் தவறு. கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது, முள் குத்தினாலும் போதும். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே ஊரில் மற்ற பிள்ளைகள் எல்லாரும் போட்டிருந்தாலும் போடாத பிள்ளைக்கு அதனால் பாதுகாப்பு கிடையாது. 2015இல் பிரசவத்தையொட்டித் தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்ததாக அறிவிக்கப்பட்டது. மண்ணில் கிருமி அப்படியேதான் இருக்கிறது.

சரி, விட்டுப்போயிற்று, என்ன செய்வது? முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஏழு வயதுக்குள் என்றால் ரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றுக்குமான முத்தடுப்பூசி, அதைத் தாண்டினால் டிடி. ஒன்றுமே போடாத பெரிய பிள்ளைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு, ஆறு மாதம் கழித்து மூன்றாவது, பிறகு பூஸ்டர்கள். அட்டை தொலைந்து, வேறு பதிவும் இல்லையென்றால் போடவில்லை என்றே எடுத்துக்கொள்வோம். ஒன்று கூடுதலாகப் போனால் பெரும்பாலும் கை இரண்டு நாள் வலிக்கும், அவ்வளவுதான்.

பள்ளியில் ஊசி போடும் நாளன்று வயிற்றுவலி என்று லீவு போட்ட பிள்ளைகள் இருப்பார்கள், அம்மாக்களுக்குத் தெரியும். அவர்களை வருகிற புதன்கிழமை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். காசு வாங்க மாட்டார்கள். அட்டையை மறந்துவிடாதீர்கள்.