கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் பி: குழந்தைக்கும் வந்துவிடுமா?

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "மனைவிக்கு ஐந்தாம் மாதம். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். கருவைக் கலைத்துவிடலாம் என்கிறார்கள் வீட்டில். குழந்தைக்கும் வந்துவிடுமா டாக்டர்?"

முதலில் அந்தக் கலைக்கிற பேச்சை விடுங்கள் தம்பி. அதற்குத் தேவையே இல்லை. ஹெபடைடிஸ் பி என்பது ஈரலைத் தாக்குகிற ஒரு கிருமி. இது வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்குப் போவது குறைவு. பிரசவ நேரத்தில் தாயின் ரத்தம் படும்போதுதான் பெரும்பாலும் தொற்றுகிறது. அதனால் தடுப்பதற்கு நம் கையில் நேரம் இருக்கிறது.

ஒன்றுமே செய்யாமல் விட்டால்தான் பயம். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆனால் பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் 100க்கு 90 பேருக்கு அது ஈரலிலேயே தங்கிவிடும். பின்னாளில் ஈரல் சுருக்கம், ஈரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

இப்போதே வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு (IU/ml) மேல் இருந்தால் 28வது வாரத்திலிருந்து கிருமியை அடக்குகிற டெனோஃபோவிர் மாத்திரை கொடுப்போம். கர்ப்பிணிகள் சாப்பிடலாம், பயம் வேண்டாம்.

குழந்தை பிறந்ததும் முதல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 24 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கூடவே இன்னொரு தொடையில் இம்யூனோகுளோபுலின் (கிருமியை எதிர்க்கிற, தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருள்) ஊசி, முடிந்தவரை 12 மணி நேரத்துக்குள். இந்த இரண்டாவது ஊசி எல்லா ஆஸ்பத்திரியிலும் கையிருப்பில் இருக்காது. எட்டாம் மாதமே கேட்டு ஏற்பாடு செய்துவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை பிறந்தபிறகு மருந்துக்கடை தேடி அலையக் கூடாது. அப்புறம் 6, 10, 14வது வாரத் தடுப்பூசிகளை விடாதீர்கள். ஒரு வயதை ஒட்டி ரத்தம் எடுத்துப் பார்த்தால் தொற்று இல்லை என்று உறுதியாகத் தெரிந்துவிடும்.

இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. தாய்ப்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம். காம்பு வெடித்து ரத்தம் வந்தால் மட்டும் அது ஆறும்வரை அந்தப் பக்கம் நிறுத்துங்கள்.

இன்னொன்று, இது பார்க்கிற எல்லாக் கர்ப்பிணிகளுக்கும். அசுத்தமான தண்ணீரால் வருகிற ஹெபடைடிஸ் இ, கடைசி மூன்று மாதத்தில் வந்தால் உயிருக்கே ஆபத்து. கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாள் கடத்தாதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தம்பி, நீங்களும் இந்த வாரமே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நெகட்டிவ் என்றால் உடனே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.