கொதிக்கும் பாகிலிருந்து தப்பிய சிறுமி, 18 வயதில் உலக சாம்பியன்!

(திரையில்: பித்தளை வாணலி, கொதிக்கும் சர்க்கரைப் பாகு)

வணக்கம் நண்பர்களே! பாங்காக்கில் ஓர் இனிப்புத் தயாரிப்புக்கூடம். அங்கே வேலை பார்க்கும் தம்பதியின் மகள் அடுப்புகளுக்கு நடுவே ஓடி விளையாடுகிறாள். முதலாளியம்மாவுக்கு அடிவயிறு கலங்குகிறது. பாகு பிள்ளை மேல் கொட்டினால் என்ன ஆவது? ஆறு வயது வாக்கில் அவளைப் பேட்மின்டன் விளையாட அனுப்பிவிடுகிறார். அனுப்பியது பத்திரமாக இருக்கட்டும் என்றுதான். அவள் உலகப் பட்டத்தோடு திரும்பி வந்தாள்!

ரட்சனோக் இந்தனோன். செல்லப் பெயர் மே. பிறந்தது 1995 பிப்ரவரி 5, தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள யசோத்தோன் மாகாணம். பின்னணி போதும், இனிப்புக்கு வருவோம்.

(திரையில்: மஞ்சள் நிறச் சொட்டு இனிப்புகள்)

அந்த முதலாளியம்மாவின் பெயர் கமலா தோங்கோன். கமலா! நம் வீட்டுச் சித்தி யாரோ போல இருக்கிறது, இல்லையா? தன் பிள்ளைகள் ஆடுவதற்காக அவர் தொடங்கிய கிளப்தான் 'பான் தோங் யோட்'. பான் என்றால் வீடு, தோங் என்றால் தங்கம், யோட் என்றால் சொட்டு விடுவது. தோங் யோட் என்பதே ஓர் இனிப்பின் பெயர். முட்டையின் மஞ்சள் கருவை நுரைக்க அடித்து, அரிசி மாவு கலந்து, விரல் நுனியில் துளி எடுத்து, கட்டை விரலால் சுண்டிக் கொதிக்கும் பாகில் விழவைக்க வேண்டும். சரியாகச் சுண்டினால் கண்ணீர்த் துளி போல உருண்டு வரும். ஜாங்கிரி பிழிகிறவரின் கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று புரியும்.

இனிதான் நான் நாற்காலியிலிருந்து துள்ளிய இடம். பேட்மின்டனில் டிராப் ஷாட் இருக்கிறதே, அதற்குத் தாய்லாந்து மொழியில் 'லூக் யோட்' என்று பெயர். அதே யோட்! ரட்சனோக்கின் பெரிய ஆயுதமும் அதுதான். ஸ்மாஷ் அடிக்கப் போவது போலவே கையை ஓங்குவார். எதிரில் இருப்பவர் பின்னால் நகர்வார். கடைசிக் கணத்தில் மணிக்கட்டு இளகும். பந்து வலையை ஒட்டிச் சொட்டாக விழும். எல்லாப் புகழும் இனிப்புக்கே என்று நான் சொன்னால், அவரைச் செதுக்கிய சீனப் பயிற்சியாளர் ஷியே ஷிஹுவா என் மேல் கோபப்படுவார். ஆனாலும் பெயர்ப் பொருத்தம் என்றால் இதுதான்!

(திரையில்: 2009, 2010, 2011)

இந்த மூன்று ஆண்டுகளிலும் ஜூனியர் உலகப் பட்டம் அவருக்கே. முதல் பட்டம் வென்றபோது வயது 14! ஒற்றையர் பிரிவில் அதை மூன்று முறை வென்ற முதல் ஆள் அவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் முதல் செட்டை வென்றும் காலிறுதியில் தோல்வி. 2013 மார்ச்சில், பேட்மின்டனின் பழம்பெரும் போட்டியான ஆல் இங்கிலாந்தின் இறுதி ஆட்டம். டென்மார்க்கின் டீனே பாவுன் தன் கடைசி ஆட்டத்தில் இவரை வென்று விடைபெற்றார். சின்னப் பெண், விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். விளையாட்டில் அதெல்லாம் நடக்காது.

அதே ஆண்டு ஆகஸ்ட், சீனாவின் குவாங்சோ, உலக சாம்பியன்ஷிப். அரையிறுதியில் எதிரே நம் பி.வி. சிந்து. இருவரும் 1995இல் பிறந்தவர்கள். 21-10, 21-13. அதைப் பற்றி அதிகம் பேச எனக்கு மனமில்லை, நகர்வோம்.

இறுதியில் லீ ஷுவேருய். ஒலிம்பிக் தங்கம் வென்றவர், உலகின் முதல்நிலை வீராங்கனை. அரங்கம் முழுக்க அவர் ஊர்க்காரர்கள். முதல் செட் 22-20, ரட்சனோக்குக்கு. இரண்டாவது 18-21, லீக்கு. மூன்றாவதில் தடுமாறுவார் என்று எதிர்பார்த்தால், 21-14! ஒற்றையர் பிரிவில் அதுவரை அவ்வளவு இளம் வயதில் யாரும் உலக சாம்பியன் ஆனதில்லை.

அதே பான் தோங் யோட்டிலிருந்து பிறகு ஒரு பையன் வந்தார், குன்லாவுட் விதித்சார்ன். அவரும் மூன்று முறை ஜூனியர் உலக சாம்பியன்! அவர் கதை வேண்டுமா? கருத்துப் பெட்டியில் சொல்லுங்கள். தோங் யோட் செய்து பார்ப்பவர்கள் படமும் அனுப்புங்கள். நான் செய்தவை எல்லாம் வால் முளைத்துத் தலைப்பிரட்டை போல வந்தன.