முற்றத்துக் கல்லை மிதித்தால் தண்ணீர் பீச்சுகிறதா? கிளப்பிப் பார்த்தேன், உள்ளே ஒரு ஆள் இருந்தார்!

(காட்சி: மழை விட்ட முற்றம். ஒரு கால் கல்லின் மூலையில் படுகிறது. பீச்ச்!)

பார்த்தீர்களா? வெள்ளைச் சாரம். கோயிலுக்குப் புறப்பட்டவன் திரும்பிப் போய் மாற்ற வேண்டியதாயிற்று. இது மட்டக்களப்பு, கல்லடி என்ற ஊரில் என் வீட்டு முற்றம்தான். கல் பதித்து இரண்டு மாரிகூட முழுசாகப் போகவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் கல்லைத் திட்டினார்கள், இல்லாவிட்டால் சீமெந்தைத் திட்டினார்கள். இரண்டும் பாவம்.

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு அந்தக் கல்லைக் கிளப்பப் போகிறோம்.

அதற்கு முன் தட்டிப் பார்க்க வேண்டும். சுத்தியலின் மரப்பிடி போதும். நடுவில் ‘டக்’. ஓரத்தில் ‘டொக்... டொக்’. வத்தகப்பழத்தில் இந்தச் சத்தம் கேட்டால் வாங்கலாம். முற்றத்தில் கேட்டால் அலவாங்கை எடுக்கலாம்.

(காட்சி: கல் கிளம்புகிறது.)

இதோ! மூலைகளுக்குச் சற்று உள்ளே நான்கு, நடுவில் ஒன்று. ஐந்தே ஐந்து சாந்து உருண்டை. மிச்சமெல்லாம் வெறும் இடம், அதில் தண்ணீர், தண்ணீரில் ஒரு தேரை. கல்லுக்குள் தேரை என்று கேள்விப்பட்டிருக்கிறோம், இவர் கல்லுக்குக் கீழே குடியிருக்கிறார்.

உருண்டை வைத்தால் அமுக்கி மட்டம் பார்ப்பது சுலபம், சாந்தும் மிச்சம். ஆனால் ஓரம் அந்தரத்தில் நிற்கும். மோட்டார் சைக்கிள் ஸ்டாண்ட் அங்கே ஊன்றினால் கல் வெடிக்கும். ஒவ்வொரு மிதிக்கும் தண்ணீர் மேலும் கீழும் போய், அடி மணலையும் அரித்துக்கொண்டு வரும். கல்லின் கீழ் முழுவதும் சாந்து இருக்க வேண்டும். இதில் பேரம் கிடையாது.

இப்போது கல்லின் முதுகைப் பாருங்கள். கழுவிய கோப்பை மாதிரி! சாந்து துளியும் ஒட்டவில்லை. வெட்டின தூசியைத் துடைக்காமலே வைத்திருக்கிறார்கள். கிரனைட் மாதிரி இறுக்கமான கல் என்றால், துடைத்த பிறகு சீமெந்துக் கூழ் பூசி, அது காய்வதற்குள் வைக்க வேண்டும். போர்சலின் டைல் தன் எடையில் 0.5 வீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது, அதற்குக் கூழில் லேட்டெக்ஸ் பாலும் (சீமெந்து நன்றாக ஒட்டுவதற்குக் கலக்கும் பால் போன்ற திரவம்) சேர வேண்டும். பதம்? நம்முடைய எருமைத்தயிர் மாதிரிக் கட்டியாக வேண்டாம், கொஞ்சம் தண்ணீர் விட்டு அடித்த தயிர்.

சாப்பாட்டுப் பேச்சு வந்துவிட்டது, அப்புறம் விடுவேனா? கீழே போடும் சாந்துக்கு 1 பங்கு சீமெந்து, 4 பங்கு ஆற்று மணல். தண்ணீர் எவ்வளவு? பிட்டுக்கு மா குழைக்கிற அதே பதம்! கையில் பிடித்தால் உருண்டை நிற்கும், விரலால் தட்டினால் உதிரும், உள்ளங்கையில் தண்ணீர் வழியாது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிடித்துப் பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு தெளி தெளிக்கணும், மனே” என்றார். சரியாகத்தான் சொன்னார்!

அவரிடமே கேட்டேன்: மேசன் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, இறுகிப்போன சாந்தில் திரும்பத் தண்ணீர் ஊற்றிக் கிளறுகிறாரே, சரியா? “ஆறின பிட்டுக்குத் தண்ணி தெளிச்சா களியாத்தான் போகும்.” இதுதான் விஷயம். சீமெந்து பிடிக்கத் தொடங்கிய பிறகு கிளறினால் அந்தப் பிடி உடைந்துவிடும், பிறகு எவ்வளவு காய்ந்தாலும் பலம் வராது. நம் வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிற அளவு மட்டும் குழையுங்கள்.

இங்கிலாந்துக்காரர்களின் வீடியோக்களில் உறைபனியையும் குற்றம் சொல்வார்கள். மட்டக்களப்பில் உறைபனிக்கு எங்கே போவது? இங்கே வில்லன் வெயில். சாந்திலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், சாந்து மாவாக உதிரும். தரையையும் கல்லையும் நனைத்துக்கொண்டு காலையிலேயே தொடங்குங்கள், அப்புறம் சில நாள் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். இன்னொன்று, 5 மீற்றர் முற்றம் 30 பாகை சூடேறினால் ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர் நீளும். சுவரோரம் இடைவெளி விடாவிட்டால் கல் எழும்பும்.

கடல் மணல் வேண்டாம், உப்பு. சாந்துக்கு அடியில் கிறவலைக் கொட்டினால் மட்டும் போதாது, படை படையாக இடித்து இறுக்க வேண்டும். மழைத் தண்ணீர் வழிந்தோட மீற்றருக்கு 12 மில்லிமீற்றர் சரிவு விடுங்கள்.

உங்கள் முற்றத்தையும் தட்டிப் பாருங்கள். ‘டக்’கா ‘டொக்’கா, கமெண்டில் எழுதுங்கள்.

(காட்சி: புதிதாகப் பதித்த கல், மேலே ஈரச் சாக்கு.)

தேரையை வாழையடிக்குக் குடியேற்றியாயிற்று. நாளை மறுநாள் வரை யாரும் இதை மிதிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டு நாயிடம் சொல்ல மறந்துவிட்டேன்.